மாடிப் போர்ஷனுக்கு வந்தவர்கள்

முதலில் வந்த குடும்பத்துக்கு வீடு ரொம்பவே பிடித்துப்போயிற்று. கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். மனைவி கைக்குழந்தையோடு அறை அறையாகப் போய், கட்டிலை எங்கே போடலாம், பீரோவை எந்தச் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்று அப்போதே குடியேறிவிட்டவரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த ஆசிரியரின் அம்மா மட்டும் கூடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்களுக்குச் சொந்த ஊரு இதுதானா?"

"இல்லீங்க, தா.பழூர் பக்கம்" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க எனக்குத் தெரிஞ்சவங்க நெறயப் பேரு இருக்காங்களே. எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். அந்த அம்மா "அப்படியா" என்றார். முகம் மாறியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருமகளைப் பார்த்து, "கொழந்தை தூங்குற நேரம், கெளம்பலாமா?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியர் படியிறங்கும்போது, "சாயந்திரம் போன் பண்றேங்க மேடம்" என்று சிரித்த முகமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

நான் பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வீடு அரியலூரில், ஜெயங்கொண்டம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். என் கணவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறார். இருவருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சொந்தமாக மெத்தை வீடு கட்டியது நாங்கள்தான் முதல். கீழே நாங்கள் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டால் வீட்டுக் கடனுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று மேலே ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை வைத்துக் கட்டினோம்.

வாடகைக்கு விடுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். தனி மீட்டர் வையுங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், ஆதார் நகல் வாங்குங்கள், குடிவருகிறவர் முன்பு எங்கே இருந்தார் என்று விசாரியுங்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வாடகைக்காரரை எப்படி விசாரிப்பது என்று அத்தனை பேர் சொன்னார்களே தவிர, வாடகைக்கு வருகிறவர் வீட்டுக்காரரை விசாரித்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டாவதாக வந்த பேங்க்காரர், வாசல் மேற்குப் பார்த்து இருக்கிறது, தன் ராசிக்கு ஆகாது என்றார். மூன்றாவதாக வந்த தம்பதி தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பாக இருக்கிறது என்றார்கள். நான்காவதாக ஒருவர், வெளியே இருக்கிற மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி என்றார். இன்னொருவர் ஜன்னல் கட்டையில் விரலைத் தேய்த்து, சிமெண்ட் லாரிப் புழுதியைக் காட்டினார். ஒவ்வொருவரும் சொன்னது உண்மையும்கூட. வாசல் மேற்குதான். தண்ணீர் உப்புதான். புழுதி, துடைத்த அரை மணி நேரத்தில் மறுபடி படியும்.

ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் ஊரைக் கேட்டிருந்தார்கள். கேட்காதவர்களும் வரவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. கேட்டவர்கள் வராமல், கேட்காதவர்கள் வந்திருந்தால் எனக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

நான் குறைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். நகராட்சிக் குழாய்த் தண்ணீரை மேலே சமையலறைக்கு மட்டும் தனியாக இழுத்தேன். படிக்குக் கைப்பிடி வைத்தேன். ஜன்னல்களுக்கு வலை அடித்தேன். என் கணவர் எல்லாவற்றுக்கும் ஆள் கூட்டி வந்து உதவினார். ஆனால் வலை அடித்து முடித்த அன்று டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"நீ எத்தனை வாட்டி வூட்ட மாத்துனாலும் தெருவ மாத்த முடியாது. இது ஒனக்குத் தெரியலையா, தெரியாத மாதிரி இருக்கியா?"

"அந்த பேங்க்காரரு நெசமாவே ராசி பாக்குறவரா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப எப்படி எல்லாரையும் ஒரே மாதிரி சொல்றீங்க?"

"நான் எல்லாரையும் சொல்லல. எவன் அது, எவன் இதுன்னு கண்டுபிடிக்க முடியாத மாதிரி வச்சிருக்கானுங்கன்னு சொல்றேன்."

ஆனாலும் மறுநாள் பஸ்ஸில், மாடிப்படிக்கு வேறு நிறம் அடிக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

கடைசியில் ஒரு வீட்டுத் தரகரிடம் சொன்னோம். அவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு அருமையாக இருக்கிறது, ஒரு வாரத்தில் ஆள் பிடித்துத் தருகிறேன் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தணித்துக்கொண்டார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆளு வர்றப்ப நானே காட்டிக்கிறேன். நீங்க மேல வரவேணாம்."

"ஏங்க?"

"ஓனரு நின்னா பார்ட்டி ஃப்ரீயாப் பாக்க மாட்டாங்க. அதான்."

அது ஒரு நியாயமான தொழில் யோசனையாகவும் இருக்கலாம். பிறகு ஒரு வீடியோவில்கூட அதையே சொன்னார்கள். ஆனால் அவர் குரலை ஏன் தணித்தார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தபோது, என் சொந்த வீட்டின் சமையலறையில், மிக்ஸியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து பின்பக்கத்துக்கும் போய் வந்தது. ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் யாருக்காக ஒளிந்திருக்கிறேன், கடன் கட்டுவது யார் என்று கோபம் வந்தது. எழுந்து மேலே போய்விடலாமா என்று கதவு வரை போனேன். போகவில்லை. வீடு காலியாகக் கிடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். மனைவிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம், முந்திரித் தோப்பு இருக்கிறது என்று தரகர் சொன்னார். ஒப்பந்தம் எழுதிய அன்று நானும் பத்திரம் எழுதுகிறவர் கடையில் இருந்தேன். என் ஆதாரில் பழைய விலாசம்தான் இருந்தது. அதனால் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அப்படியே டைப் ஆகியிருந்தன. அந்தக் கிளார்க் ஒரு வரி விடாமல் படித்தார். தன் அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததைத் திருத்தச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அப்படியென்றால் அவர் பார்த்திருக்கிறார். இல்லை, தன்னைப் பற்றிய வரிகளை மட்டும் கவனித்திருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். "குடி வர்றாங்கள்ல, விடு" என்றார் என் கணவர்.

அந்தப் பெண் நல்ல பெண். படியையும் சேர்த்துக் கூட்டிக் கோலம் போடுவாள். மோட்டார் போட்டால் மறக்காமல் நிறுத்துவாள். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டாள். "அடுப்புல பால் இருக்குக்கா", "துணி ஊற வச்சிருக்கேங்க்கா" என்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவாள். பால் உண்மையாகவே அடுப்பில் இருந்திருக்கும். ஆனால் தினமுமா?

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஒரு தூக்கில் போட்டு மேலே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாயந்திரம் தூக்கைக் கழுவி, உள்ளே அச்சு வெல்லம் இரண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் குப்பை வண்டி வருவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவர்கள் கீழே கொண்டுவந்து வைத்திருந்த குப்பைக் கூடையின் மூடியைத் திறந்து பார்த்தேன். கரும்புச் சக்கையும் வாழைப்பழத் தோலும் இருந்தன. பொங்கல் இல்லை. சாப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் மனசு நிறைந்தது. அடுத்த நிமிஷமே, பின்பக்கம் வருகிற மாட்டுக்கு வைத்திருக்கலாமே என்று தோன்றியது. மூடியைப் போட்டுவிட்டு, வாடை போகும் வரை கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். முப்பது வருஷமாக எத்தனையோ பேருடைய புண்ணைத் தொட்ட கை. அன்றைக்குத்தான் அசிங்கமாகத் தோன்றியது.

வைகாசி மாதம் ஒருநாள் பகலில் கரண்ட் போயிற்று. எனக்கு அன்று விடுமுறை. மாடி கொதித்திருக்க வேண்டும். அவள் கீழே இறங்கி வந்தாள். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். பானையில் தானே தண்ணீர் மொண்டு குடித்தாள். "முடியலக்கா" என்று சொல்லிவிட்டுத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தவள், அப்படியே தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இத்தனை மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த சந்தேகத்தையெல்லாம் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க மாமியார் ஊருலேந்து வர்றாங்க. நாலு நாளு இருப்பாங்க."

"வரட்டுமே. நல்லா இருந்துட்டுப் போகட்டும்."

"இல்லக்கா. அவங்க பழைய ஆளு. ஏதாச்சும் கேட்டா..." அவள் தரையைப் பார்த்தாள். "தெருப் பேரு மட்டும் சொல்லாதீங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நாங்க பத்திரத்துலயே பாத்துட்டுத்தானே வந்தோம். எனக்கு இந்த வூட்ட வுட்டுப் போக மனசில்ல. அதான்."

தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள். அதற்குச் சந்தோஷப்படுவதா? மறைக்கச் சொல்கிறாள். அதற்குக் கோபப்படுவதா? அவள் கை என் கையில்தான் இருந்தது. வியர்த்திருந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் வந்தார். மறுநாள் நான் டியூட்டி முடிந்து வரும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். காலையில்தான் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போய் வந்தார்களாம். நெற்றியில் திருநீறு. "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"வேலை பெரம்பலூர்லங்க" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். சாவியைத் தேடுவதுபோல் பையைக் குடைந்துகொண்டே உள்ளே போய்விட்டேன்.

இதைச் சொன்னதும் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நம்ம வூட்டு வாசல்லயே நின்னு நம்ம ஊர மறைச்சியா?" என்றார். நான் அந்தப் பெண்ணுக்காகத்தான் என்றேன். "அவளுக்காகன்னு சொல்லாத" என்றார். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா கீழே கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு, "வணக்கம்மா. நேத்து எந்த ஊருன்னு கேட்டீங்களாமே" என்று ஆரம்பித்து, ஊர், தெரு, தன் அப்பா யார் நிலத்தில் வேலை செய்தார் என்பது வரை நிதானமாகச் சொன்னார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா, "சரிப்பா" என்றார். கறிவேப்பிலையோடு மேலே போனார்.

நாலு நாள் இருப்பதாக வந்தவர் அன்று மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். சாயந்திரம் அந்தப் பெண் ஒரு பை முந்திரிப்பருப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமியார் குடுக்கச் சொன்னாங்கக்கா." அவள் கண் வீங்கியிருந்தது. மாமியார் கொடுத்ததா, இவளாகக் கொடுத்ததா? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எந்தப் பதில் வந்தாலும் நான் நம்பப் போவதில்லை என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவள் கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று காலி செய்தார்கள். மாற்றல் உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் மீட்டரில் கடைசி ரீடிங்கை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வீடு மறுபடி காலியாயிற்று. இந்த முறை தரகர் வேண்டாம், ஒளிய வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்து கேட்டில் போர்டு மாட்டினோம். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட ஏழு வயதுப் பெண் குழந்தை. குழாயைத் திறந்து பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் திருப்தி.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?" என்று கேட்டேன்.

"கூட இல்லக்கா. பிரிஞ்சு மூணு வருஷம் ஆவுது."

"ஓ" என்றேன். அதன் பிறகு என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "எங்க வூட்டுல கலந்துக்கிட்டு, சாயந்திரம் போன் பண்றேம்மா."

அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "பரவால்லக்கா. இல்லைன்னா இல்லைன்னு இப்பவே சொல்லிடுங்க. நான் இன்னும் மூணு வூடு பாக்கணும். போன் வருமான்னு காத்துக்கிட்டிருந்தா இன்னைக்குப் பொழுதும் போயிடும்."

"இல்லம்மா, நெசமாவே பண்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

என் கணவர் உடனே சரி என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். "ஒத்தப் பொம்பள. நாளைக்கு அந்தாளு வந்து கேட்டுல நின்னு கத்துவான். அக்கம் பக்கத்துல நம்மளத்தான் பேசுவாங்க."

"நம்மகிட்ட வூடு பாக்க வந்தவங்களும் அக்கம் பக்கத்த நெனச்சுத்தானே போனாங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியல. ஆனா வேற" என்றார்.

எனக்கும் அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு என்றும் சொல்லத் தெரியவில்லை. அவருடைய பயத்தில் பாதி எனக்கும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டில் நின்று கத்துகிற புருஷர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாயந்திரம் ஆகிக்கொண்டிருந்தது. பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்து, வீடு உங்களுக்குத்தான் என்று சொன்னேன். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். போனில் அவள், "மெய்யாலுமாக்கா? நான் வேற எடத்துல பேசிட்டேனே. இருங்க, அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்" என்றாள்.

அவள் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஆள் ஒருமுறை வந்தான். கத்தவில்லை. குழந்தைக்கு ஒரு சைக்கிள் வாங்கி வந்து கேட்டில் நின்றான். மேலே விடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் நாற்காலியைக் கொண்டுபோய் வாசலில் போட்டு, "உக்காருங்க, அவங்கள கேட்டுட்டு வரேன்" என்றார். அவள் வரமாட்டேன் என்றாள். சைக்கிள் மட்டும் உள்ளே வந்தது. அதை வாங்கிக்கொண்டது சரியா என்று நாங்கள் இருவரும் இரண்டு நாள் பேசினோம்.

போன மாதம் எங்கள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவர், பெரம்பலூரில் இரண்டு போர்ஷன் கட்டி முடித்திருப்பதாகச் சொல்லி, என்னிடம் யோசனை கேட்டார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள், குடிவரும் அன்றும் போகும் அன்றும் அதைப் போட்டோ எடுங்கள், ஒப்பந்தத்தை இருவரும் உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள், முடியாது என்றால் வந்தவர் முகத்துக்கு நேரே அன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் போனில் குறித்துக்கொண்டார்.

"எப்படிப்பட்ட ஆளுக்குக் குடுக்கலாம் சிஸ்டர்?"

எனக்கு அந்த ஆசிரியரின் அம்மாவும், தரையில் தூங்கிய பெண்ணும், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தார்கள். "தண்ணி டேங்க் மட்டும் பெருசா வச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனேன்.